சைக்கிள் சீட்டில் எங்கே வலிக்கிறது? நெடுந்தூரம் ஓட்டுபவர்களுக்கு அறிகுறி வாரியாக ஒரு வழிமுறை

சைக்கிள் சீட் வலிக்கிறது என்று சொல்கிறவரிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். "அடியில்தான், எல்லா இடத்திலும்" என்று பதில் வரும். அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. உட்காரும் எலும்பில் வலிப்பதற்கும், நடுவில் மரத்துப்போவதற்கும், தொடையிடுக்கில் தோல் வழன்றுபோவதற்கும் காரணங்கள் வேறு வேறு. ஒன்றுக்குச் செய்கிற வைத்தியம் இன்னொன்றைக் கூட்டிவிடவும் செய்யும். எந்த இடம், எத்தனை நேரம் ஓட்டியபின், இரண்டு பக்கமுமா ஒரு பக்கம் மட்டுமா என்று சொல்லத் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். புது சீட் வாங்குவது கடைசி வேலை. உயரம், சாய்வு, முன்பின் நிலை மூன்றையும் ஒரு எல்-கீயை வைத்துக்கொண்டு செலவில்லாமல் மாற்றிவிடலாம். ஆனால் முக்கால்வாசிப் பேர் கையில் எடுப்பது எல்-கீயை அல்ல, பணப்பையை. மூன்று சீட் மாற்றியும் வலி போகவில்லை என்றால் நான்காவது சீட் எந்த அதிசயமும் செய்யாது.

எதையும் தொடும் முன்

இப்போதுள்ள நிலையைக் குறித்து வையுங்கள். சீட்டைத் தாங்கும் குழாயான சீட் போஸ்ட் ஃபிரேமுக்குள் இறங்கும் இடத்தில் டேப் ஒரு சுற்று சுற்றுங்கள். சீட்டுக்கு அடியில் ஓடும் இரட்டைக் கம்பியை, சீட்டைப் போஸ்டோடு இறுக்கும் கிளாம்ப் எந்த இடத்தில் பிடித்திருக்கிறது என்று மார்க்கரால் கோடு போடுங்கள். சீட்டின் குறுகலான முன்முனைதான் மூக்கு; அதன் நுனியிலிருந்து ஹேண்டில் பாரின் நடு வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். சாய்வைப் பார்க்க சைக்கிளைச் சமதரையில் நிறுத்தி, சீட்டின் மேல் நீளவாட்டில் ஒரு தட்டையான பலகையோ கெட்டி அட்டைப் புத்தகமோ வைத்து, அதன் மேல் ரசமட்டத்தை வையுங்கள். ரசமட்டம் இல்லையென்றால் போனில் இருக்கும் மட்டம் பார்க்கும் ஆப் போதும்.

ஒரு தடவைக்கு ஒரே மாற்றம். உயரம் என்றால் 3 முதல் 5 மி.மீ., சாய்வு என்றால் 1 டிகிரி, முன்பின் என்றால் 5 மி.மீ. இதற்கு மேல் ஒரே நாளில் போகாதீர்கள். மாற்றியபின் ஒரு மணி நேரமாவது ஓட்டிப் பார்க்காமல் தீர்ப்பு சொல்லாதீர்கள். தெருமுனை வரை போய் வந்து பார்த்தால் உலகத்தில் உள்ள எல்லா சீட்டும் நன்றாகத்தான் இருக்கும்.

உட்காரும் எலும்பு இரண்டிலும் வலி

கடினமான நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கையை அடியில் கொடுத்துப் பார்த்தால் இரண்டு முண்டுகள் தட்டுப்படும். உடம்பின் பாரம் இறங்க வேண்டிய இடம் அவைதான். ஆகவே வலி சரியாக அந்த இரண்டு முண்டுகளில் மட்டும் இருந்தால் அது அவ்வளவு கெட்ட செய்தி இல்லை. குறைந்தபட்சம் நீங்கள் சரியான இடத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

புதிதாக ஓட்டத் தொடங்கியவருக்கும், நீண்ட இடைவெளி விட்டு மறுபடி தொடங்கியவருக்கும் முதல் ஓரிரு வாரம் இந்த வலி இருக்கும். வாரத்துக்கு ஒரே ஒரு நீண்ட பயணம் போவதைவிட, மூன்று நான்கு தடவை குறைந்த தூரம் ஓட்டினால் சீக்கிரம் பழகிவிடும். பழகும் வலி ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் தள்ளிப்போகும்: முதலில் அரை மணியில் வந்தது, அப்புறம் ஒன்றரை மணியில் வரும். தள்ளிப்போகவே இல்லை என்றால்தான் சந்தேகப்பட வேண்டும்.

முதல் சந்தேகம் மென்மையின் மீது. வலிக்கிறது என்றதும் கை நேராக ஜெல் சீட்டுக்கோ பஞ்சு உறைக்கோ போகும். கடையில் விரலால் அழுத்தினால் மெத்தென்று இருக்கும். ஓட்டும்போது நடப்பது வேறு. எலும்பு முண்டுகள் பஞ்சுக்குள் புதைந்து, அடியில் உள்ள கெட்டியான தகட்டில் போய் முட்டும். அமுங்காத பஞ்சு நடுவில் மேடாக எழுந்து, பாரம் தாங்கக் கூடாத மெல்லிய சதையை அழுத்தும். இருபது நிமிஷப் பயணத்துக்கு அது சுகம்தான். நான்கு மணி நேரத்துக்குக் கெட்டியான சீட்தான் நல்லது. இதை நம்ப மறுப்பவர்களோடு நான் வாதம் செய்வதில்லை. ஒரு நீண்ட பயணம் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிடும்.

இரண்டாவது சந்தேகம் அகலம். இதை வீட்டிலேயே அளக்கலாம். அலை அலையான உள்மடிப்பு கொண்ட அட்டைப்பெட்டியிலிருந்து ஒரு பெரிய துண்டு வெட்டி, கெட்டியான ஸ்டூல் மேல் போடுங்கள். மெல்லிய துணியோடு அதன் மேல் உட்காருங்கள். காலுக்கடியில் ஒரு கனமான பெட்டி வைத்து, முழங்கால் இடுப்பைவிடச் சற்று உயரும்படி செய்துகொண்டு, ஸ்டூலின் விளிம்பைக் கையால் பிடித்துக் கீழ்நோக்கி நன்றாக இழுங்கள். அரை நிமிஷம் அப்படியே இருங்கள். எழுந்து அட்டையைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் இரண்டு குழிகள் தெரியும். தெரியவில்லை என்றால் சாக்பீஸைப் படுக்கவைத்து லேசாகத் தேயுங்கள். மேடெல்லாம் வெளுத்து, குழி மட்டும் அட்டை நிறத்தில் நிற்கும். ஒரு குழியின் நடுவிலிருந்து மறு குழியின் நடு வரை அளங்கள்.

பெரும்பாலானவர்களுக்கு இந்த அளவு 100 முதல் 150 மி.மீ.க்குள் வரும். இதோடு 20 முதல் 30 மி.மீ. கூட்டினால் சீட்டின் அகலம் ஏறக்குறைய கிடைத்துவிடும். குழி இடைவெளி 118 என்றால் 143 மி.மீ. பக்கம் உள்ள சீட்டைத் தேடலாம். நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுபவர் இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொள்ள வேண்டும்; நன்றாகக் குனிந்து ஓட்டுபவர் குறைத்துக்கொள்ளலாம். இடுப்பு முன்னால் உருளும்போது பாரம் எலும்பின் முன்பகுதிக்கு நகர்கிறது, அங்கே இரண்டு பக்க எலும்பும் நெருங்கி வருகின்றன என்பதுதான் காரணம். உடம்பு பருமனைப் பார்த்து அகலத்தை ஊகிக்காதீர்கள். ஒல்லியான ஒருவருக்கு அகலமான எலும்பு இடைவெளி இருப்பது சர்வ சாதாரணம்.

மூன்றாவது, ஹேண்டில் பார் மிக உயரமாகவும் கிட்டத்திலும் இருந்தால் மொத்தப் பாரமும் சீட்டுக்கே வந்துவிடும். கையும் காலும் தங்கள் பங்கைத் தாங்க வேண்டும். சோம்பலாகப் பெடல் மிதிக்கிற நாட்களில் வலி கூடுவதையும் கவனித்திருப்பீர்கள். அழுத்தி மிதிக்கும்போது கால் உடம்பைக் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கிறது. மெதுவாகப் போனால் அந்த உதவி கிடைக்காது.

நடுவில் மரத்துப்போகிறது

இதைப் பழகிவிடும் என்று விடக் கூடாது. வலியைப் பொறுத்துக்கொண்டு ஓட்டலாம், மரமரப்பைப் பொறுத்துக்கொண்டு ஓட்டவே கூடாது.

ஆசனவாய்க்கும் பிறப்புறுப்புக்கும் நடுவே உள்ள பகுதி வழியாகத்தான் அந்த இடத்துக்கு உணர்ச்சி கொடுக்கும் புடெண்டல் நரம்பின் கிளைகளும், கூடவே இரத்தக் குழாய்களும் போகின்றன. பாரம் எலும்பில் இறங்காமல் இங்கே இறங்கினால் இரண்டும் நசுங்குகின்றன. ஆண்கள் இதைப் பற்றிப் பேசக் கூச்சப்பட்டே வருஷக்கணக்கில் ஓட்டிவிடுகிறார்கள். பெண்களுக்கும் இது வரும்.

ஓட்டும்போது மரத்தால் உடனே எழுந்து நின்று மிதியுங்கள். உணர்ச்சி திரும்பியதும் உட்காரலாம். அப்புறம் வீட்டுக்கு வந்து இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் சாய்வு. மூக்கு மேல்நோக்கி இருந்தால் சந்தேகமே வேண்டாம், காரணம் அதுதான். மட்டமாக்குங்கள். மட்டமாகவே இருந்தால் மூக்கை 1 டிகிரி இறக்கிப் பாருங்கள், தேவைப்பட்டால் 2. மூன்றுக்கு மேல் போனால் முன்னால் சறுக்கத் தொடங்குவீர்கள். அது வேறு தொல்லை, கீழே வருகிறது.

அடுத்து உயரம். சீட் உயரமாக இருந்தால் பெடல் கீழே போகும் ஒவ்வொரு சுற்றிலும் கால் எட்டாமல் இடுப்பு சாயும்; நடுப்பகுதி சீட்டின் முதுகில் தேயும். 5 மி.மீ. இறக்கியதிலேயே பலருக்கு மரமரப்பு நின்றுவிடும்.

மூன்றாவது எட்டம். ஹேண்டில் பார் தூரத்திலோ மிகத் தாழ்வாகவோ இருந்தால் அதை எட்டுவதற்காக இடுப்பு அளவுக்கு மீறி முன்னால் உருளும். ஹேண்டில் பாரைச் சைக்கிளோடு இணைக்கும் ஸ்டெம்மின் அடியில் இருக்கும் வளையங்களை மாற்றி ஹேண்டில் பாரை ஒரு சென்டிமீட்டர் உயர்த்துவது, அல்லது குட்டையான ஸ்டெம் போடுவது, இவற்றைச் சீட் மாற்றும் முன் செய்து பாருங்கள்.

இவ்வளவும் செய்தபின்னும் மரத்தால் நடுவில் பள்ளமோ திறப்போ உள்ள சீட்டுக்குப் போகலாம். இதிலும் ஒரு சங்கதி உண்டு. திறப்பு குறுகலாக இருந்தால் அதன் இரண்டு ஓரங்களும் கத்தி விளிம்பு போல அழுத்தும். பாரம் நடுவிலிருந்து ஓரத்துக்கு மாறியிருக்குமே தவிர, குறைந்திருக்காது. ஓரம் அழுத்துகிறது என்றால் இன்னும் அகலமான திறப்பு, அல்லது திறப்பே இல்லாமல் மெல்லப் பள்ளமாக இறங்கும் வடிவம் ஒத்துவரலாம்.

மூக்கே இல்லாத சீட்களும் இருக்கின்றன. வேலைக்காக நாள் முழுக்க சைக்கிளில் சுற்றுபவர்களுக்கு, முக்கியமாக சைக்கிள் ரோந்து போலீஸாருக்கு, அமெரிக்க அரசின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் 2009இல் மூக்கில்லாத சீட்டைப் பரிந்துரைத்தது. மரமரப்புக்கு அது நல்ல மருந்து. ஆனால் தொடையால் சீட்டின் மூக்கை அணைத்துச் சைக்கிளைக் கட்டுப்படுத்தும் பழக்கத்தை விட வேண்டியிருக்கும், கைக்கும் பாரம் கொஞ்சம் கூடும். நடுவழியாகக் குட்டை மூக்கு சீட்கள் வந்திருக்கின்றன. குனிந்து ஓட்டுபவர் பலருக்கு இவை ஒத்துவருகின்றன.

ஓட்டி முடித்துச் சில மணி நேரம் ஆகியும் உணர்ச்சி திரும்பவில்லை, சிறுநீர் கழிப்பதிலோ தாம்பத்தியத்திலோ மாற்றம் தெரிகிறது என்றால் எல்-கீயைக் கீழே வைத்துவிட்டு டாக்டரிடம் போங்கள்.

பெண்களுக்கு முன்பக்க வலி, வீக்கம்

பெண்களின் இடுப்பெலும்பு பொதுவாக அகலம், உட்காரும் எலும்புகளின் இடைவெளியும் பெரும்பாலும் அதிகம். குறுகலான சீட் கொடுத்தால் எலும்பு வெளியே தொங்க, பாரம் முழுக்க மெல்லிய சதையில் இறங்கும். முதலில் அகலத்தை அளந்து சரிசெய்யுங்கள். பிறகு மூக்கை 1 முதல் 3 டிகிரி இறக்குவது, ஹேண்டில் பாரைக் கிட்டே கொண்டுவருவது. அகலமான நீண்ட திறப்பும் குட்டை மூக்கும் உள்ள சீட் இங்கே நிஜமாகவே வித்தியாசம் காட்டும். சீட்டின் மேல் பெண்களுக்கானது என்று எழுதியிருக்கிறதா என்பதைவிட அளவைப் பாருங்கள். அளவு சரியென்றால் யாருக்கென்று செய்த சீட்டாக இருந்தால் என்ன? வீக்கம் அடிக்கடி வந்தாலோ, ஓய்வு எடுத்தும் வடியாவிட்டாலோ மருத்துவரிடம் காட்டுவதில் கூச்சம் வேண்டாம்.

தொடையிடுக்கில் உரசல், எரிச்சல், கட்டி

இதில் சீட்டின் பங்கு பாதிதான். மீதிப் பாதி துணி, வியர்வை, அழுக்கு.

பேட் வைத்த சைக்கிள் ஷார்ட்ஸுக்குள் உள்ளாடை போடக் கூடாது. இது தெரியாமல் போட்டுக்கொண்டு, உள்ளாடையின் தையல் கிழித்த இடத்துக்குச் சீட்டைத் திட்டுகிறவர்கள் ஏராளம். அந்த பேட் தோலோடு ஒட்டியிருப்பதற்காகவே தையல் இல்லாமல் செய்யப்பட்டது. ஷார்ட்ஸ் தளர்வாக இருந்தால் பேட் மடியும், மடிந்த இடம் தேய்க்கும். நின்றால் இறுக்கமாகவும் ஓட்டும் நிலையில் குனிந்தால் சரியாகவும் இருப்பதுதான் உங்கள் அளவு. பேட் பஞ்சு நசுங்கிச் சப்பையாகிவிட்ட பழைய ஷார்ட்ஸுக்கு ஓய்வு கொடுங்கள்.

இரண்டு மணி நேரத்துக்கு மேல் போகிற நாளில் உரசும் இடங்களில் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கான கிரீமைத் தடவிக்கொள்ளுங்கள். வாசலினும் வேலை செய்யும், ஆனால் துணியிலிருந்து லேசில் போகாது. ஓட்டி முடித்ததும் ஷார்ட்ஸோடு உட்கார்ந்து கதை பேசுவதுதான் பெரிய தப்பு. உடனே கழற்றி, சோப்புப் போட்டுக் குளித்து, ஈரம் போகத் துடைத்துக் காற்றாட விடுங்கள். ஷார்ட்ஸை ஒவ்வொரு தடவையும் துவைக்க வேண்டும். உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி வெயிலில் போடுங்கள். அந்த இடத்தில் ஒட்டச் சிரைப்பதையும் நிறுத்திப் பாருங்கள். முடி உள்நோக்கி வளர்ந்து பருவாவது பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும்.

துணி, சுத்தம் எல்லாம் சரி, ஆனாலும் தொடையின் உள்பக்கம் உரசுகிறது என்றால் சீட்டின் கழுத்தைப் பாருங்கள். மூக்கிலிருந்து பின்பகுதிக்கு விரியும் இடம் மெதுவாக விரிகிறதா, சட்டென்று விரிகிறதா? மெதுவாக விரியும் சீட், தடித்த தொடை உள்ளவருக்கு ஒவ்வொரு மிதிக்கும் உரசும். சட்டென்று விரியும் வடிவம் அவர்களுக்கு நல்லது.

கட்டி வந்துவிட்டால் பிதுக்காதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றடம் கொடுத்து, சைக்கிளுக்குச் சில நாள் லீவு விடுங்கள். பெரிதாகிக்கொண்டே போனால், சுற்றிலும் சிவந்து பரவினால், காய்ச்சல் வந்தால் டாக்டர்தான். சின்னக் கட்டிதானே என்று நினைப்பவர்களுக்கு: 1987 ஸ்பெயின் சுற்றுப் போட்டியான வுவெல்டாவில் முதலிடத்தில் இருந்த ஷான் கெல்லி, முடிவுக்குச் சில நாட்களே இருக்கும்போது சீட் கட்டியால் விலகினார். 1989 டூர் டி பிரான்ஸில் லோரான் ஃபின்யோன் வெறும் 8 விநாடியில் கிரெக் லெமாண்டிடம் பட்டத்தை இழந்தார்; கடைசி நாட்களில் அவர் உட்காரவே முடியாமல்தான் ஓட்டிக்கொண்டிருந்தார்.

ஒரு பக்கம் மட்டும் வலி அல்லது உரசல்

இரண்டு பக்கமும் வந்தால் சீட்டைக் கேளுங்கள், ஒரு பக்கம் மட்டும் வந்தால் உடம்பைக் கேளுங்கள் என்பது என் கணக்கு.

பழைய சீட் இருந்தால் அதை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு பக்கம் பளபளவென்று தேய்ந்து, மறு பக்கம் புதுசு போல இருக்கிறதா? நீங்கள் கோணி உட்காருகிறீர்கள். முதல் காரணம் மிக எளிது: சீட்டே திரும்பியிருக்கலாம். பின்னால் நின்று, சீட்டின் மூக்கும் மேல் குழாயும் ஒரே கோட்டில் வருகிறதா பாருங்கள். அடியில் உள்ள கம்பிகளில் ஒன்று வளைந்திருக்கலாம், கீழே விழுந்த சைக்கிளில் இது நடக்கும்.

அடுத்தது உயரம். சீட் அளவுக்கு மேல் உயரமாக இருக்கும்போது உடம்பு இரண்டு காலையும் சமமாக ஏமாற்றாது. ஒரு பக்கம் சரிந்து, ஒரு காலை நன்றாக எட்டவைத்து, மறு காலை இழுக்கவைக்கும். வலி ஒரு பக்கம் என்பதால் உயரத்தை யாரும் சந்தேகப்படுவதில்லை. நண்பரை உங்கள் பின்னால் வரச் சொல்லி இடுப்பைப் போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். இடுப்பு இடம் வலமாக ஆடினால் உயரத்தை இறக்குங்கள்.

ஆட்டம் நின்றபின்னும் ஒரு பக்கமாகவே சரிகிறீர்கள் என்றால் இரண்டு காலின் நீளத்தில் வித்தியாசம் இருக்கலாம், ஒரு பக்க இடுப்புத் தசை இறுகியிருக்கலாம், ஷூவின் அடியில் பெடலில் மாட்டிக்கொள்ளும் கட்டையான கிளீட் கோணலாக இருக்கலாம். கிளீட்டை நீங்களே பார்த்துவிடலாம். மற்ற இரண்டுக்கும் பிசியோதெரபிஸ்ட் அல்லது உடம்புக்கேற்ப சைக்கிளைச் சரிசெய்து தரும் பைக் ஃபிட் செய்பவர் வேண்டும்.

உயரத்தைப் பார்ப்பது எப்படி

மேலே எல்லா இடத்திலும் உயரம் வந்துவிட்டதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சுவரில் சாய்ந்து சீட்டில் உட்கார்ந்து, வழக்கமாக ஓட்டும் செருப்போ ஷூவோ போட்டுக்கொண்டு, குதிகாலைப் பெடலில் வையுங்கள். பெடல் அடிமட்டத்தில் இருக்கும்போது இடுப்பு சாயாமல் கால் நேராக நிற்க வேண்டும். குதிகால் பெடலை எட்டவில்லை என்றால் உயரம் அதிகம், முழங்கால் மடிந்திருந்தால் குறைவு. ஓட்டும்போது முன்பாதத்தால் மிதிப்பதால் தேவையான சிறு மடிப்பு தானாக வந்துவிடும். அந்த மடிப்பு 25 முதல் 35 டிகிரிக்குள் இருப்பது நல்லது.

கணக்குப் பிரியர்களுக்கு இன்னொரு வழி. வெறுங்காலோடு சுவரில் சாய்ந்து நின்று, ஒரு புத்தகத்தைக் கவட்டையில் இறுக்கி மேலே தள்ளி, அதன் மேல் விளிம்பிலிருந்து தரை வரை அளங்கள். அதை 0.883ஆல் பெருக்கினால், பெடலைத் தாங்கும் கையான கிராங்க் சுற்றும் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேல்பரப்பு வரையான உயரம் வரும். 80 செ.மீ. என்றால் 70.6 செ.மீ. லெமாண்ட் பிரபலப்படுத்திய கணக்கு இது. குதிகால் வழியும் இதுவும் சில மில்லிமீட்டர் வேறுபட்டால் குறைந்ததில் தொடங்குங்கள். சீட் போஸ்டை உயர்த்தும்போது குறைந்தபட்சம் எவ்வளவு உள்ளே இருக்க வேண்டும் என்று அதில் பொறித்திருக்கும் கோடு வெளியே தெரியக் கூடாது.

முழங்கால் வலியும் துப்புக் கொடுக்கும். முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்வு அல்லது அதிகமாக முன்னால் இருக்கிறது. பின்பக்கம் வலித்தால் உயரம் அல்லது அதிகமாகப் பின்னால் இருக்கிறது.

முன்னால் சறுக்குகிறேன், அல்லது பின்னாலேயே தள்ளிக்கொண்டிருக்கிறேன்

சறுக்குபவர்களுக்குக் கூடவே உள்ளங்கை வலி, மணிக்கட்டு வலி, தோள் இறுக்கம் இருக்கும். மூக்கு அளவுக்கு மேல் இறங்கியிருக்கிறது; உடம்பு விழாமல் கையால் முட்டுக் கொடுத்துக்கொண்டே ஓட்டுகிறீர்கள். 1 டிகிரி உயர்த்துங்கள். கிளாம்பில் இரண்டு போல்ட் இருந்தால் இது சுலபம்: முன் போல்ட்டைத் தளர்த்திப் பின் போல்ட்டை இறுக்கினால் மூக்கு எழும். ஒரே போல்ட் உள்ள பல் வைத்த கிளாம்பில் ஒரு பல் தாண்டினாலே நிறைய மாறிவிடும். அதில் கொஞ்சம் பொறுமை தேவை.

சாய்வு மட்டமாக இருந்தும் எப்போதும் மூக்கு நுனியிலேயே வந்து உட்காருகிறீர்கள் என்றால் சீட் அதிகமாகப் பின்னால் இருக்கிறது, அல்லது ஹேண்டில் பார் தூரம். மாறாக, பின்னால் தள்ளித் தள்ளி உட்காருகிறீர்கள் என்றால் சீட் அதிகமாக முன்னால் இருக்கிறது. உடம்பு தனக்கு வேண்டிய இடத்தைத் தேடிப் போகிறது, சீட்டை அங்கே கொண்டுபோய்க் கொடுங்கள். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாதவர்கள் கிராங்கைத் தரைக்கு இணையாக நிறுத்தி, முன் காலின் முழங்கால் சில்லுக்குச் சற்றுக் கீழிருந்து தூக்குக்குண்டு விட்டால் அது பெடல் அச்சின் மேல் விழும்படி வைத்துக்கொண்டு, அங்கிருந்து முன்பின் நகர்த்திப் பார்க்கலாம். கம்பியில் குறித்துள்ள எல்லைக் கோட்டைத் தாண்டிக் கிளாம்பைப் பிடிக்கவிடாதீர்கள். சீட்டைப் பின்னால் தள்ளினால் பெடலுக்கு உள்ள தூரமும் கூடும், அதனால் உயரத்தைச் சில மில்லிமீட்டர் இறக்க வேண்டிவரும்.

வால் எலும்பில் வலி

நேராக நிமிர்ந்து ஓட்டுபவர்களுக்கும், முதுகைக் கூன்போட்டு உட்காருபவர்களுக்கும் வருவது. சீட்டின் பின்பகுதி மேல்நோக்கி வளைந்திருந்தால் அது வால் எலும்பில் முட்டும். தட்டையான பின்பகுதி உள்ளது தேவை. ஹேண்டில் பாரைக் கொஞ்சம் தள்ளியோ இறக்கியோ வைத்து, இடுப்பிலிருந்து முன்னால் சாய்ந்தாலே பெரும்பாலும் விட்டுவிடும். விழுந்து அடிபட்டபின் தொடங்கிய வலி என்றால் சீட்டோடு விளையாடாமல் எக்ஸ்ரே எடுங்கள்.

இரண்டு மணி நேரம் வரை சொர்க்கம், அப்புறம் நரகம்

இங்கே சீட் பெரும்பாலும் நிரபராதி. அசையாமல் உட்கார்ந்தால் எந்த சீட்டும் இரண்டு மணியில் வலிக்கும். பத்துப் பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுந்து நின்று பத்து மிதி மிதியுங்கள். மேடு வரும்போது, வேகத்தடை வரும்போது, திருப்பம் முடிந்ததும் என்று ஏதாவது ஒன்றோடு இதை முடிச்சுப் போட்டுக்கொண்டால் மறக்காது. வீட்டுக்குள், சைக்கிளை நகராமல் நிறுத்தி ஓட்ட உதவும் டிரெய்னரில் மட்டும் சீக்கிரம் வலிப்பதற்கும் இதுதான் காரணம்: சாலையில் குழியும் திருப்பமும் உங்களைத் தானாக எழுப்பிவிடும், டிரெய்னர் எழுப்பாது.

டயர் காற்றையும் பாருங்கள். கல் போல அடைத்த மெல்லிய டயர் ஒவ்வொரு சிறு கல்லையும் உங்கள் எலும்புக்கு அனுப்பும். ஃபிரேம் இடம் கொடுத்தால் அகலமான டயர் போட்டு, டயரில் எழுதியுள்ள எல்லைக்குள் காற்றைக் குறைத்துப் பாருங்கள். சீட் வாங்கும் பணத்தை டயரில் போட்டு நிம்மதியானவர்கள் உண்டு. மோசமான சாலையே கதி என்றால் ஸ்பிரிங் வைத்த சீட் போஸ்டும் இருக்கிறது. வேகமாகக் கால் சுற்றும்போது சீட்டில் குதிக்கிறீர்கள் என்றால் ஒரு கியர் கூட்டுங்கள்.

சீட்டை மாற்றியே ஆக வேண்டும் என்றால்

அளந்த அகலத்தோடு போங்கள். குனிந்து ஓட்டி, ஒரே இடத்தில் உட்காருபவருக்கு நடுவில் தொட்டில் போல வளைந்த சீட் பிடிக்கும். முன்னும் பின்னும் நகர்ந்துகொண்டே இருப்பவருக்குத் தட்டையானது நல்லது. கம்பியையும் பாருங்கள்: எஃகு, டைட்டானியம் கம்பிகள் பெரும்பாலும் 7 மி.மீ. உருண்டை, கார்பன் கம்பி பெரும்பாலும் 7க்கு 9 மி.மீ. நீள்வட்டம். பக்கவாட்டில் பிடிக்கும் சில கிளாம்புகளில் கார்பன் கம்பி உட்காராது, வற்புறுத்தினால் உடையும்.

தோல் சீட் தனி வகை. இங்கிலாந்து நிறுவனமான புரூக்ஸின் பி17 மாடல் 1896 முதல் இருந்துவருகிறது, இன்னும் உலகம் சுற்றுபவர்கள் அதையே நாடுகிறார்கள். இதில் பஞ்சே கிடையாது. இழுத்துக் கட்டிய தோல் உங்கள் எலும்பின் வடிவத்துக்கு மெல்லக் குழிந்துகொடுக்கும். அதற்குப் பல நூறு கிலோமீட்டர் ஆகலாம். மழையில் ஊறவிட்டு அப்படியே ஏறி ஓட்டினால் தோல் தொய்ந்துவிடும். அடியில் இருக்கும் இழுவைத் திருகைச் சும்மா சும்மா முறுக்காதீர்கள்.

யாரிடமாவது இரவல் வாங்கி ஓட்டிப் பார்க்க முடிந்தால், அல்லது திருப்பிக் கொடுக்க வழி உள்ள இடத்தில் வாங்க முடிந்தால், அதைவிட நல்ல ஆலோசனை யாராலும் தர முடியாது. பத்து பேர் புகழ்ந்த சீட் உங்களுக்கு ஒத்துவராமல் போவதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

புது சீட்டைப் பழையதன் இடத்தில் அப்படியே மாட்டினால் நிலை மாறிவிடும், ஏனென்றால் நீளமும் மூக்கும் ஒவ்வொன்றுக்கும் வேறு. மூக்கு நுனியை வைத்து அளக்காமல், இரண்டு சீட்டிலும் அகலம் சரியாக 80 மி.மீ. வரும் இடத்தைக் கண்டுபிடித்துக் கோடு போடுங்கள். பழைய சீட்டில் அந்தக் கோட்டிலிருந்து ஹேண்டில் பாருக்கும் கிராங்க் அச்சுக்கும் உள்ள தூரங்களை எடுத்து, புது சீட்டின் கோட்டிலும் அதே தூரங்கள் வரும்படி மாட்டுங்கள். போல்ட்டை அதில் அச்சிட்டிருக்கும் அளவுக்கு இறுக்கி, முதல் பயணத்தில் எல்-கீயைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்புங்கள்.